சாலையோரப் பள்ளத்தில் ஒரு கேள்வி

2005 ஆகஸ்ட் 6. டெக்சாஸ் மாநிலத்தில் கிராஃபோர்டு என்ற சிற்றூருக்கு வெளியே, அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பண்ணைக்குப் போகும் சாலையில் ஒரு சிறு ஊர்வலத்தைப் போலீஸ் மறித்தது. முன்னால் நின்றவர் சிண்டி ஷீஹன், வயது 48, கலிஃபோர்னியாவில் வாக்கவில் என்ற ஊர்க்காரர். மூத்த மகன் கேசி ஈராக்கில் இறந்து 16 மாதம் ஆகியிருந்தது. அதிபரைப் பார்க்காமல் கிளம்புவதாக இல்லை என்று சாலையோரப் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆகஸ்ட் மாத டெக்சாஸ் வெயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள், இரண்டு நாளில் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவர் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. மூன்று நாள் முன்பு, ஆகஸ்ட் 3 அன்று, ஈராக்கின் ஹதீதா அருகே சாலையோர வெடிகுண்டில் 14 அமெரிக்க மரைன் படை வீரர்கள் ஒரே அடியாக இறந்திருந்தார்கள். அன்றைக்குப் பேசிய புஷ், உயிர்நீத்த வீரர்கள் ஓர் உன்னத நோக்கத்துக்காக இறந்தார்கள் என்றார். ஷீஹன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். எது அந்த உன்னத நோக்கம்? என் மகன் எதற்காக இறந்தான்?

இப்படிப்பட்ட பெற்றோரைப் பற்றி எழுதும்போது "துயரம் கோபமாக மாறியது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த எல்லோருக்கும்தான் கோபம் வருகிறது. பெரும்பாலானவர்கள் போரை எதிர்த்துத் தெருவுக்கு வருவதில்லையே. வந்தவர்களின் கதைகளை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று கண்ணில் படுகிறது. அவர்கள் யாரும் முழக்கத்தோடு ஆரம்பிக்கவில்லை. அரசு சொன்ன ஏதோ ஒரு சின்ன விவரம் சரியாகப் பொருந்தவில்லை. அதைச் சரிபார்க்கப் போனார்கள். அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது.

சங்கப் பாட்டில் ஒரு கிழவி வருகிறாள். உன் மகன் புறமுதுகு காட்டி இறந்தான் என்று யாரோ சொல்ல, வாளை எடுத்துக்கொண்டு போர்க்களத்துக்கே போய், பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறாள். வெட்டுப்பட்டுக் கிடக்கும் மகனைக் கண்டதும், அவன் பிறந்த நாளைவிட அதிகம் மகிழ்கிறாள். வீரத்தாய்க்கு எடுத்துக்காட்டாக நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு. அதில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. அவள் பிறர் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தாள்.

அயோவா மாநிலத்தில் லா போர்ட் சிட்டி அருகே விவசாயம் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த பெக் மல்லன் அப்படிப் போனவர். மகன் மைக்கேல் மேல்படிப்பில் இருந்தபோது கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டு வியட்நாம் போனான். 1970 பிப்ரவரி 18 இரவு இறந்தான். கொன்றது எதிரி இல்லை, சொந்தப் பக்கத்துப் பீரங்கிக் குண்டு. அதைவிட அந்தத் தாயை உறுத்தியது ராணுவம் போட்ட வகைப்பாடு: "போர் சாராத உயிரிழப்பு". அதாவது வாராவாரம் செய்தியில் சொல்லும் இறப்புக் கணக்கில் அவள் மகன் இல்லை. போர்முனையில், ராத்திரியில், குண்டு விழுந்து செத்தவன் போரில் சாகவில்லையாம். அப்படியென்றால் இதுபோல இன்னும் எத்தனை பேர் கணக்கில் வராமல் போயிருப்பார்கள் என்று அவர் கேட்க ஆரம்பித்தார். கடிதம் மேல் கடிதம், தொலைபேசி மேல் தொலைபேசி, மகனோடு இருந்த வீரர்களைத் தேடித் தேடி விசாரணை.

மகன் சாவுக்கு அரசு கொடுத்த பணத்தில் அந்த ஏப்ரலில் டெ மாய்ன் நகரத்து நாளிதழில் அரைப்பக்க விளம்பரம் ஒன்று வாங்கினார். அயோவாவின் தாய் தகப்பன்களுக்கு என்று ஒரு சிறு குறிப்பு. அதற்குக் கீழே வரிசை வரிசையாகக் கறுப்புச் சிலுவைகள். மொத்தம் 714. வியட்நாமில் அதுவரை இறந்த அயோவாக்காரர்கள், தலைக்கு ஒரு சிலுவை. அரசு கணக்கில் விட்ட ஆளையும் சேர்த்து ஒரு தாய் தானே கணக்கு எழுதிய பக்கம் அது. உரக்கப் பேசும் எந்தத் துண்டறிக்கையைவிடவும் அது எனக்கு வலுவாகத் தெரிகிறது.

கதை அங்கே முடிந்திருந்தால் சுலபம். மைக்கேலின் சாவை விசாரித்துப் பின்னால் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர், மூடிமறைப்பு ஏதுமில்லை, மலைமேல் இருந்த மரங்களின் உயரத்தைக் கணக்கில் சேர்க்காததால் குண்டு மரத்தில் பட்டு வெடித்திருக்கிறது, வெறும் விபத்து என்ற முடிவுக்கு வந்தார். மல்லன் குடும்பம் அதை ஏற்கவில்லை. பட்டாலியன் தளபதி மீது அவர்களுக்கிருந்த சந்தேகம் தீரவே இல்லை. அந்தத் தளபதி நார்மன் ஷ்வார்ஸ்காஃப், 1991 வளைகுடாப் போரில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர். சரிபார்க்கப் போகும் பெற்றோர் எப்போதும் சரியாகத்தான் கண்டுபிடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் முதலில் வந்த தாளிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருப்பார்களா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

பிரிட்டனிலும் இதே வழிதான். 2003 ஜூன் 24 அன்று தெற்கு ஈராக்கில் மஜர் அல் கபீர் என்ற ஊரில், ஒரு காவல் நிலையத்தில் மாட்டிக்கொண்ட 6 ராணுவப் போலீஸ்காரர்களைக் கூட்டம் கொன்றது. அதில் ஒருவன் டாம் கீஸ். தகப்பன் ரெக் கீஸ் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தவர். மகன் கையில் போதுமான தோட்டா இருந்ததா, உதவி கேட்க செயற்கைக்கோள் தொலைபேசி இருந்ததா என்றுதான் முதலில் கேட்டார். கிளாஸ்கோவைச் சேர்ந்த ரோஸ் ஜென்டிலின் 19 வயது மகன் கார்டன், 2004 ஜூனில் பாஸ்ராவில் சாலையோரக் குண்டுக்குப் பலியானான். அந்த மாதிரிக் குண்டுகளின் சமிக்ஞையை முடக்கும் கருவி வந்து கிடங்கில் கிடந்தது, அவன் வண்டிக்குப் பொருத்தப்படவில்லை என்பது பின்னால் தெரிந்தது. தோட்டா, தொலைபேசி, ஒரு கருவி. இவ்வளவு சின்னதிலிருந்து தொடங்கி, இந்தப் போருக்கே என்ன அவசியம் இருந்தது என்ற இடத்துக்கு இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

2005 பொதுத்தேர்தலில் ரெக் கீஸ், பிரதமர் டோனி பிளேரின் செட்ஜ்ஃபீல்டு தொகுதியிலேயே சுயேச்சையாக நின்றார். 4,252 வாக்கு, கிட்டத்தட்ட 10 சதவீதம். ஜெயிக்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் பிரிட்டிஷ் வழக்கப்படி முடிவு அறிவிக்கும்போது எல்லா வேட்பாளர்களும் ஒரே மேடையில் நிற்பார்கள். தோற்றவரும் பேசலாம். நள்ளிரவு தாண்டிய அந்த நேரத்தில் கீஸ் மைக் முன்னால் நின்று மகன் பெயரைச் சொல்லி, பிரதமர் என்றாவது ஒரு நாள் வருத்தம் தெரிவிப்பார் என்று நம்புவதாகச் சொன்னார். பிளேர் பின்னால் அசையாமல் நின்று கேட்டார். வேறு வழியில்லை, காமிரா ஓடிக்கொண்டிருந்தது. கிராஃபோர்டில் ஷீஹனுக்குக் கிடைக்காத சந்திப்பைக் கீஸ் தேர்தல் வழக்கத்தை வைத்தே வாங்கிக்கொண்டார்.

சரி, ஷீஹனிடம் திரும்புவோம். அவர் பழைய போராளி கிடையாது. கத்தோலிக்கத் தேவாலயத்தில் இளைஞர் பணி செய்தவர், நான்கு பிள்ளைகளுக்குத் தாய். கேசி ராணுவத்தில் சேர்ந்தது 2000ஆம் ஆண்டில், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கும் முன்னால். ஹம்வீ வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் வேலை. ஈராக் போய்ச் சில வாரங்களே ஆகியிருந்தன. 2004 ஏப்ரல் 4 அன்று பாக்தாதின் சதர் நகரில் கிளர்ச்சி வெடித்து, உள்ளே மாட்டிக்கொண்ட வீரர்களை மீட்கப் போன அணியில் அவனும் இருந்தான். அன்று ஒரு நாளில் அங்கே 8 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். கேசிக்கு வயது 24.

இரண்டு மாதம் கழித்து, வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் முகாமில், மகனையோ கணவனையோ இழந்த மற்றக் குடும்பங்களோடு அவரும் அதிபரைச் சந்தித்தார். அதன்பின் உள்ளூர்ப் பத்திரிகையிடம் நிதானமாகத்தான் பேசினார். அதிபர் மகனின் பெயரைக்கூடச் சொல்லவில்லை, தன்னை "அம்மா" என்று பொதுவாகக் கூப்பிட்டார் என்றெல்லாம் வருத்தத்தோடு சொன்னது பின்னால். ஒரு தடவை பார்த்தாயிற்றே, இன்னும் என்ன, முன்னே ஒரு பேச்சு பின்னே ஒரு பேச்சா என்று எதிர்த்தரப்பு அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால் அந்த மாற்றம் புரியும். 2004 அக்டோபரில் அமெரிக்க ஆய்வுக் குழுவே, போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் கையிருப்பு ஈராக்கில் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. 2005 மே மாதம், போருக்கு 8 மாதம் முன்பு லண்டனில் நடந்த உயர்மட்டக் கூட்டத்தின் குறிப்பு கசிந்தது. போர் தொடுக்கும் முடிவுக்கு ஏற்ப உளவுத் தகவல்கள் வளைக்கப்படுவதாக அதில் எழுதியிருந்தது. ஜூன் மாதம் வாஷிங்டனில் சில காங்கிரஸ் உறுப்பினர்கள் அந்தக் குறிப்பைப் பற்றி நடத்திய கூட்டத்தில் ஷீஹன் சாட்சியாகப் பேசினார். அவர் மனம் மாறியது உண்மைதான். மாறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பள்ளத்தில் உட்கார்ந்த முதல் நாளே தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஸ்டீஃபன் ஹாட்லியும் வெள்ளை மாளிகைத் துணைத் தலைமை அலுவலர் ஒருவரும் வந்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். அவ்வளவு பெரிய ஆட்கள் பள்ளம்வரை வந்ததே அரசு பதறியதற்கு அடையாளம். அதிபர் மட்டும் வரவில்லை. அவர் ஐந்து வார விடுமுறையில் இருந்தார். வெள்ளை மாளிகைச் செய்தியாளர் படை முழுதும் செய்தி ஏதும் இல்லாமல் பக்கத்திலேயே முகாமிட்டிருந்தது. இந்த ஒரு தற்செயல் இல்லாவிட்டால் உலகம் ஷீஹனைக் கேள்விப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். கையில் மைக், எதிரில் வெறும் புல்வெளி. அங்கே ஒரு தாய் வந்து உட்கார்ந்தால் வேறு யாரைப் படம் எடுப்பார்கள்?

ஒரு வாரத்தில் அந்த இடம் "கேசி முகாம்" ஆனது. நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். பாடகி ஜோன் பயஸ் வந்து பாடினார். சாலையோரம் இறந்த வீரர்களின் பெயர் தாங்கிய வெள்ளைச் சிலுவைகள் நடப்பட்டன. ஆகஸ்ட் 12 அன்று புஷ்ஷின் கார் வரிசை, பக்கத்துப் பண்ணையில் கட்சிக்கு நிதி திரட்டும் விருந்துக்காக அந்த வழியாகவே போனது. கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வண்டிகள் வேகம் குறைக்காமல் தாண்டின. ஷீஹன் கையில் ஓர் அட்டை: நன்கொடையாளர்களுக்கு நேரம் இருக்கிறது, எனக்கு ஏன் இல்லை?

தாயின் சொல்லுக்கு ஏன் இவ்வளவு எடை? அந்த எடையை ஏற்றியது அரசேதான். முதல் உலகப் போரின்போது அமெரிக்க வீடுகளில், படைக்குப் போன ஒவ்வொரு மகனுக்கும் ஒரு நீல நட்சத்திரம் கொண்ட கொடியைத் தொங்கவிட்டார்கள். அவன் இறந்தால் நீலத்தின் மேல் தங்க நட்சத்திரம் ஏறும். 1918இல், முழுக் கறுப்புத் துக்க உடைக்குப் பதிலாகத் தங்க நட்சத்திரம் பதித்த கைப்பட்டை அணியலாம் என்ற யோசனைக்கு அதிபர் உட்ரோ வில்சன் ஒப்புதல் கொடுத்தார். நுணுக்கமான வேலை அது. கறுப்பு உடை இழந்தேன் என்று சொல்லும். தங்க நட்சத்திரம் கொடுத்தேன் என்று சொல்லும். 1930 முதல் 1933 வரை ஆயிரக்கணக்கான தாய்மாரை அரசுச் செலவில் கப்பலேற்றி, ஐரோப்பாவில் இருந்த பிள்ளைகளின் கல்லறைகளைக் காட்டிக் கூட்டிவந்தார்கள். கறுப்பினத் தாய்மாருக்குத் தனிக் கப்பல். அந்தக் கேவலமும் அதில் உண்டு.

ஷீஹன் 2005 தொடக்கத்தில் சேர்ந்து தொடங்கிய அமைப்புக்கு "அமைதிக்கான தங்க நட்சத்திரக் குடும்பங்கள்" என்று பெயர். அரசு கொடுத்த பதக்கத்தை அணிந்துகொண்டே அரசைக் கேள்வி கேட்பது. கேட்பவர் தேசத்துரோகி என்று சட்டென்று சொல்ல வாய் வராது. நியூயார்க் நாளிதழ் ஒன்றின் பத்தி எழுத்தாளர், ஈராக்கில் இறந்த பிள்ளையைப் புதைத்த பெற்றோரின் தார்மீக உரிமை முழுமையானது என்று எழுதினார்.

முழுமையானதா? அதே நட்சத்திரம் வாங்கிய மற்றவர்களும் இருந்தார்கள். சிண்டி, எங்களுக்காக நீ பேசாதே என்று ஒரு கூட்டம் கார்களில் கிளம்பி டெக்சாஸ் வந்தது. ஃபலூஜாவில் மகனை இழந்த ஒரு தகப்பன், தன் மகன் பெயர் எழுதிய சிலுவையை முகாமிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். அங்கே அதே பெயரில் மறுபடி சிலுவை முளைத்தது. மறுபடி வந்து எடுத்தார். அவர் வலியும் பொய்யில்லை. என் பிள்ளையின் பெயரை உன் கேள்விக்குப் பயன்படுத்தாதே என்கிறார், அவ்வளவுதான். ஒரு ராத்திரி யாரோ ஒருவர் வண்டியின் பின்னால் குழாயும் சங்கிலியும் கட்டி அந்தச் சிலுவைகள் மேலே ஓட்டிக்கொண்டு போனார். அது வேறு வகை. அதைத் துயரத்தின் கணக்கில் சேர்க்க முடியாது.

ஏன் பெரும்பாலான பெற்றோர் அந்தத் தகப்பன் நின்ற பக்கம் நிற்கிறார்கள் என்பதற்கு, எனக்குத் தெரிந்து தெளிவான சாட்சி ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ். 1914இல் 18 வயது மகன் பீட்டர் படையில் சேர ஆசைப்பட்டான். வயது போதாததால் தகப்பன் சம்மதம் வேண்டும். தகப்பன் மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தது கேத்தேதான். அந்த அக்டோபரிலேயே பெல்ஜியத்தில் பீட்டர் இறந்தான். இதன்பின் அவர் உடனே போர் எதிர்ப்பாளர் ஆகிவிடவில்லை. வருடக்கணக்கில் தத்தளித்தார். போர் தவறு என்று சொன்னால் மகன் நம்பியதைப் பொய் என்று சொன்னதாகிவிடும். அவனை இன்னொரு தடவை கைவிட்டது போல. அந்த முடிச்சு அவிழ நான்கு வருடம் ஆனது. 1918 அக்டோபரில், கடைசித் தொண்டர்களையும் களத்துக்கு அழைத்த ஒரு கவிஞருக்குப் பத்திரிகையில் பகிரங்கமாக மறுப்பு எழுதினார்: விதைநெல்லை அரைக்கக் கூடாது. விதைநெல்லைக் குத்தித் தின்பவன் அடுத்த போகத்துக்கு என்ன செய்வான் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மகனுக்கான நினைவுச் சிலையை முடிக்க அவருக்கு 18 வருடம் பிடித்தது. மகன் உருவம் அதில் இல்லை. மண்டியிட்ட தாயும் தகப்பனும் மட்டும், இரண்டு தனித்தனிக் கல்லில். பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ கல்லறைத் தோட்டத்தில் இப்போதும் இருக்கிறது. 1942இல் அதே பீட்டர் என்று பெயரிட்ட பேரனும் ரஷ்யப் போர்முனையில் இறந்தான்.

கிராஃபோர்டில் நட்ட சிலுவைகள் எல்லாம் அமெரிக்க வீரர்களுக்கானவை. கேசி இறந்த அதே நாளில் சதர் நகரில் பிள்ளையை இழந்த ஈராக்கியத் தாய் அந்தப் பள்ளத்தில் இடம்பெறவில்லை. எதிர்ப்பக்கத்துப் பெற்றோரைத் தேடிப் போனவர்களும் உண்டு. 1997இல் ஜெருசலேம் தற்கொலைத் தாக்குதலில் 13 வயது மகளை இழந்த இஸ்ரேலியர் ரமி எல்ஹனானும், 2007இல் இஸ்ரேலிய எல்லைப் போலீஸ் சுட்டதில் 10 வயது மகளை இழந்த பாலஸ்தீனர் பஸ்ஸாம் அரமினும் ஒரே மேடையில் ஏறிப் பேசுகிறார்கள்.

நமக்குப் பக்கத்தில், கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச. 1998 செப்டம்பரில் கிளிநொச்சியில் ராணுவத் தளம் விழுந்தபோது இவருடைய மகன் காணாமல்போனான். காணாமல்போன சிப்பாய்களின் பெற்றோரைத் திரட்டினார். இவரும் கையில் எடுத்தது சின்ன விஷயம்தான்: சிப்பாயின் கழுத்தில் தொங்க வேண்டிய அடையாளத் தகடு. அது இருந்தால்தானே இறந்தது யார் என்று தெரியும். அந்தக் கோரிக்கையோடு வன்னிக்கே போய்ப் புலிகளைச் சந்தித்தார். இன்னொரு பக்கம், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தமிழ்த் தாய்மார் வீதியோரக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேள்வி ஷீஹனின் கேள்விக்கும் முந்தியது. எதற்காக என்று கேட்கும் நிலைக்கே அவர்கள் வரவில்லை. எங்கே என்றுதான் இன்னும் கேட்கிறார்கள்.

ஷீஹனின் பிற்காலம் அவ்வளவு அழகாக இல்லை. பள்ளத்தில் இருந்தபோதே கணவர் விவாகரத்துக்கு மனு போட்டிருந்தார். கணவர் வீட்டு உறவினர் சிலர் அவர் போக்கு பிடிக்கவில்லை என்று அறிக்கை விட்டார்கள். 2006 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் அதிபர் உரை கேட்கப் போனவரை, "2,245 பேர் இறந்தாயிற்று, இன்னும் எத்தனை?" என்று எழுதிய பனியன் போட்டதற்காகக் கைது செய்தார்கள்; மறுநாள் வழக்கைக் கைவிட்டு மன்னிப்பும் கேட்டார்கள். போரை நிறுத்துவார்கள் என்று நம்பிய ஜனநாயகக் கட்சி அந்த நவம்பரில் இரு அவைகளையும் பிடித்தது. 2007 மே மாதம் அதே அவைகள், படை திரும்பத் தேதி குறிக்காமலேயே போருக்கு நிதி ஒதுக்கின. புஷ்ஷைத் திட்டியபோது கைதட்டியவர்கள், அவர் ஜனநாயகக் கட்சியைத் திட்ட ஆரம்பித்ததும் பாராட்டை நிறுத்திக்கொண்டார்கள். தாயின் தார்மீக உரிமைக்குக் கட்சி எல்லை இருந்திருக்கிறது.

சில நாளில், மே 28 அன்று, போரில் இறந்தவர்களை அமெரிக்கா நினைவுகூரும் நாளில், விலகுவதாக ஒரு கடிதம் வெளியிட்டார். பின்னால் திரும்பி வந்தார், 2008இல், அப்போது கீழவைத் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசியை எதிர்த்துத் தேர்தலில் நின்று 16 சதவீதம் வாக்கும் வாங்கினார் என்பதெல்லாம் தனிக் கதை. அந்தக் கடிதத்தில் தன் பழைய கேள்விக்குத் தானே பதில் எழுதியிருந்தார். கேசி ஒன்றுமில்லாததற்காகத்தான் இறந்தான். தான் வந்து சேர்ந்த முடிவுகளிலேயே மிகக் கொடியது அதுதான் என்றார். அப்புறம், கிராஃபோர்டில் மகனின் காப்பீட்டுப் பணத்தில் போராட்டத்துக்காக வாங்கிய 5 ஏக்கர் நிலம் விற்பனைக்கு இருக்கிறது, யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டிருந்தார்.